பறவைப் பேன், இறகுச் சிற்றுண்ணி, அரிய பறவைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகிற நண்பர்கள் மத்தியில் 'பேன் பேசுகிற ஆள்' என்று எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. அதனால் இது பற்றிய சந்தேகம் எல்லாம் என்னிடமே வருகிறது, பாதிக்கு மேல் அதே சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இப்படித் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

பறவைக்குமா பேன் வரும்? நிஜமாவா?

நிஜமாகத்தான். இதுவரை பெயர் வைக்கப்பட்ட பறவைப் பேன்கள் மட்டும் ஏறக்குறைய 4000 இனங்கள். நம் தலையில் ஏறுகிற பேனுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நம் பேன் ரத்தம் உறிஞ்சுவது, பறவைப் பேன்களுக்கோ மெல்லுகிற வாய். பெரும்பாலானவை இறகின் அடியிலுள்ள மென்மையான தூவியையும் தோல் செதிலையும் கடித்துத் தின்று வாழ்கின்றன, சில வகைகள் தோலைக் கடித்து ரத்தமும் குடிக்கும்.

இது இன்று நேற்று தொடங்கியதில்லை. ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 4.4 கோடி ஆண்டு பழைய பேன் புதைபடிவம் ஒன்றின் வயிற்றுக்குள் இறகுத் துணுக்குகள் அப்படியே இருந்தன. கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று இத்தனை காலம் கழித்துச் சொல்ல முடிகிறது!

இறகில் ஊர்வது எல்லாமே பேன்தானா?

இல்லை, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பேன் ஒரு பூச்சி, ஆறு கால், பெரும்பாலும் ஒன்றிலிருந்து சில மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். இறகுச் சிற்றுண்ணி பூச்சியே அல்ல, எட்டுக் கால், சிலந்தி தேள் வகையறாவைச் சேர்ந்தது, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான், இறகிழைகளுக்கு நடுவே தூள் உப்பு சிந்தியது மாதிரி இருக்கும். இதிலும் ஏறக்குறைய 2500 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இறகுத் தண்டின் குழலுக்குள்ளேயே குடியிருந்து, குழல் சுவரை உள்ளிருந்து குத்திச் சாறு குடிக்கிற சிற்றுண்ணிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இவை போக, தட்டையான உடம்போடு இறகுக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிற பேன் ஈ இருக்கிறது. அது ரத்தம் குடிக்கிற ஒரு ஈ, பெயரில் மட்டும்தான் பேன். கண்ணைச் சுற்றியும் அலகின் ஓரத்திலும் சாம்பல் நிற மணி மாதிரி வீங்கித் தொங்குவது உண்ணி. அது தோலில் ஒட்டுவது, இறகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனி இந்தப் பக்கத்தில் பேன் என்றால் பேன், சிற்றுண்ணி என்றால் இறகுச் சிற்றுண்ணி.

பறவையைத் தொட்டால் நம் மேல் ஏறிவிடுமா?

கையில் ஏறும், ஆனால் தங்காது. அதற்கு வேண்டிய சூடு, பிடித்துக்கொள்ள வேண்டிய இறகிழை, சாப்பாடு எதுவுமே நம்மிடம் இல்லை. கொஞ்ச நேரம் முழங்கையில் ஓடிவிட்டு விழுந்துவிடும். அரிக்கிற மாதிரி இருந்தால் அது மனசு.

உண்மையிலேயே கடிப்பவை வேறு. கூட்டிலும் கோழிக் கூண்டிலும் பெருகுகிற ரத்தம் குடிக்கும் செள்ளு, அதாவது வேறொரு வகைச் சிற்றுண்ணி, குஞ்சுகள் பறந்து போனபின் பசியில் வீட்டுக்குள் இறங்கி ஆளைக் கடிக்கும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பலர் இறகுச் சிற்றுண்ணியையும் திட்டுகிறார்கள். யாரோ கடித்ததற்கு யாருக்கோ அடி.

இறகையே தின்றால் பறவை மொட்டையாகிவிடாதா?

பறக்க உதவும் பெரிய இறகுகளை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை, கடினம். தின்பது உள்ளே மறைந்திருக்கும் தூவியை. ஆகவே மொட்டை ஆகாது, ஆனால் போர்வை மெலியும். புறாக்களில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: பேன் மிகுந்த புறா, உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள சுமார் 8.5 சதவீதம் கூடுதலாக ஆற்றல் செலவழிக்கிறது. பேன் மண்டிய ஆண் புறாவைப் பெண் புறாக்கள் அவ்வளவாக விரும்புவதில்லை என்பதும் சோதனையில் தெரிந்த விஷயம்.

ஆனால் இதெல்லாம் பேன் மிகுந்துவிட்ட நிலையில் நடப்பது. நலமாக இருக்கும் காட்டுப் பறவையில் பேன் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் பெரிய சேதம் ஒன்றும் தெரிவதில்லை. எண்ணிக்கையைக் கேட்காமல் பேன் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டு முடிவெடுப்பதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பின்னால் இதற்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

கையே இல்லாத பறவை எப்படிப் பேன் பார்க்கும்?

அலகால். பறவை உட்கார்ந்து இறகைக் கோதுவதை அழகுக்குச் செய்வதாக நினைக்கிறோம், நிறைய நேரம் அது பேன் பார்க்கிறது. புறாவின் மேல் அலகு கீழ் அலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைந்து தொங்கும். அந்தச் சின்ன வளைவு எதற்கு என்று அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். வளைவை மட்டும் ராவிவிட்டார்கள். புறா வழக்கம்போலச் சாப்பிட்டது, வழக்கம்போலக் கோதியது, பேன் மட்டும் பல மடங்கு பெருகியது. கீழ் அலகு முன்னே வந்து அந்த வளைவில் உரசும்போதுதான் நடுவில் சிக்கிய பேன் நசுங்குகிறது, ஈரை இரு நகத்துக்கு நடுவே வைத்து நசுக்குவோமே, அதே கதை. வளைவு இல்லை என்றால் பேன் வழுக்கிக்கொண்டு தப்பிவிடும்.

தலையை மட்டும் தன் அலகால் கோத முடியாது இல்லையா, அதற்குக் கால் நகம். கொக்கு, பக்கி, கூகை போன்றவற்றின் நடுவிரல் நகத்தில் பேன் சீப்பு மாதிரியே பல் பல்லாக இருக்கும். சில பறவைகள் ஜோடியின் தலையைக் கோதிவிடும். மண்ணில் புரள்வது, வெயிலில் சிறகை விரித்துக் கிடப்பது, எறும்பை எடுத்து இறகில் தேய்ப்பது, இதெல்லாம்கூடப் பேனுக்காகத்தான் என்பார்கள், ஆனால் எறும்பு விஷயத்தில் சான்று அவ்வளவு பலமாக இல்லை. நியூ கினியில் உள்ள பிட்டோஹுய் என்ற பறவையின் இறகிலும் தோலிலும், அம்புத் தவளைகளில் இருக்கும் அதே வகை விஷம் இருக்கிறது. விஷமுள்ள இறகையும் சாதாரண இறகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பேன்கள் விஷ இறகை விட்டு விலகிப் போயின.

அப்படி விடாமல் கோதியும் பேன் எப்படித்தான் பிழைக்கிறது?

ஒளிந்துதான். ஒரே பறவையின் மேல் இருக்கும் பேன்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சொந்தம் என்றே நம்பமாட்டீர்கள். சிறகில் வாழ்வது ஈர்க்குச்சி மாதிரி நீளமாக ஒல்லியாக, இரண்டு இறகிழைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிற அகலத்தில் இருக்கும். அலகு மேலே போகும்போது அது உள்ளே படுத்திருக்கும். உடம்பில் வாழ்வது குட்டையாக உருண்டையாக இருக்கும், தொட்டால் தூவிக்குள் புகுந்து மறையும். தலையில் வாழ்வது பெருத்த முக்கோணத் தலையோடு மெதுவாக நகரும். அலகு எட்டாத இடம் ஆயிற்றே, அதற்கு என்ன அவசரம்!

நிறமும் உண்டு. வெளிர் நிறப் பறவைகளில் வெளிர் பேன், கரிய பறவைகளில் கரிய பேன். தலைப் பேன்களில் மட்டும் இந்தப் பொருத்தம் இல்லை, காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். யூட்டாவிலேயே சாம்பல் நிறப் புறாவின் பேனை எடுத்து வெள்ளைப் புறாவிலும் கறுப்புப் புறாவிலும் விட்டு நான்கு ஆண்டு வளர்த்தார்கள், பேன் கணக்கில் சுமார் 60 தலைமுறை. வெள்ளையில் இருந்தவை வெளுத்துக்கொண்டே போயின, கறுப்பில் இருந்தவை கறுத்தன. கண்முன்னால் பரிணாமம் பார்க்க வேண்டுமென்றால் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை.

ஒரு பறவையிலிருந்து இன்னொரு பறவைக்கு எப்படிப் போகும்? பறக்குமா?

பேனுக்கு இறக்கை கிடையாது. குதிக்கவும் தெரியாது. உடம்போடு உடம்பு உரசினால்தான் மாறும்: தாய் குஞ்சை அடைகாக்கும்போது, ஜோடி சேரும்போது, நெருக்கியடித்துத் தூங்கும்போது. பெரும்பாலும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வையுங்கள், அரிய பறவைகள் பற்றிய கேள்விகளில் எல்லாமே இதில்தான் போய் நிற்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. மேலே சொன்ன பேன் ஈயின் காலையோ வயிற்றையோ கவ்விக்கொண்டு சில பேன்கள் சவாரி போகும். ஈ அடுத்த பறவையில் இறங்கும், பேனும் இறங்கிக்கொள்ளும், டிக்கெட் கிடையாது.

சிற்றுண்ணியும் இறகைத்தான் தின்கிறதா?

அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அவற்றின் குடலைத் திறந்தும் டிஎன்ஏ பார்த்தும் செய்த பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும். பறவை தன் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எடுத்து இறகில் பூசுகிற எண்ணெயும் அதில் ஒட்டுகிற துகள்களும் இவற்றுக்குச் சாப்பாடு. அதாவது இறகைக் கெடுக்கிற கிருமிகளை மேய்கிற துப்புரவுப் பணியாளராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே இவற்றை ஒட்டுண்ணி என்று சொல்வதே கொஞ்சம் அநியாயம். இறகுக் குழலுக்குள் இருப்பவை வேறு, அவை அசல் ஒட்டுண்ணிதான்.

இறகு உதிரும்போது அதோடு சேர்ந்து விழுந்துவிடாதா?

சில விழும். ஆனால் சிறகிலுள்ள சிற்றுண்ணிகள் எந்த இறகு அடுத்து விழப்போகிறது என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு முன்கூட்டியே பக்கத்து இறகுக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றன. இறகு தளரும்போது வரும் அதிர்வு மாற்றத்தை உணர்கின்றன என்பது ஒரு விளக்கம். இறகு மாற்றும் பருவத்தில் ஒரு சிறகை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், விழப்போகிற இறகு மட்டும் காலியாக, அதற்கு அடுத்ததில் கூட்டம் நெரிவது தெரியும்.

பறவை செத்துப்போனால்?

பேனும் போய்விடும். உடம்பு ஆறத் தொடங்கியதும் தூவியை விட்டு மேலே ஏறி வரும், வேறு பறவை கிடைத்தால் சரி, இல்லையென்றால் சில நாளில் செத்துவிடும். இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: இரண்டு இறந்த பறவைகளை ஒரே பையில் போட்டு எடுத்துப் போனால் ஒன்றின் பேன் மற்றதில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு யார் பேன் யாருடையது என்று சொல்லவே முடியாது. இந்தக் குழப்பத்தால் நடந்த கூத்து ஒன்று கீழே வருகிறது.

அரிய பறவை என்றால் அதன் பேனும் அரியதா?

பெரும்பாலும் ஆமாம், சொல்லப்போனால் பறவையைவிட அரியது. பல பேன் இனங்கள் ஒரே ஒரு பறவை இனத்தில் மட்டும் வாழ்பவை, அல்லது நெருங்கிய சொந்தமான இரண்டு மூன்று இனங்களில். பறவை 30 மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தப் பேனுக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது 30 தீவு. அதிலும் எல்லாத் தீவிலும் ஆள் இருக்காது, நலமான பறவைகள் சிலவற்றில் ஒரு பேன்கூட இல்லாமல் போகலாம்.

அதனால் பறவை அழிவதற்கு முன்பே பேன் அழிந்துவிடும். பறவைகள் ஒன்றையொன்று சந்திப்பது குறையக் குறையத் தாவ வழி இல்லை. காப்பாற்றுவதற்காக ஐந்தாறு பறவையைப் பிடித்து ஒரு தீவில் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஐந்தாறில் பேன் இல்லாவிட்டால் அந்தக் குலத்துக்கே இனி அந்தப் பேன் கிடையாது.

காண்டோர் பேன் கதை உண்மையா, இல்லை யாரோ கட்டிவிட்டதா?

உண்மைதான். கலிஃபோர்னியா காண்டோர், வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறக்கும் பறவை, 1982-ல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. 1987-ல் காட்டில் கடைசியாக இருந்ததையும் பிடித்து, மொத்தம் 27 பறவைகளையும் கூண்டில் வைத்து இனம் பெருக்கினார்கள். அந்த முயற்சி வெற்றி, 1992 முதல் திரும்பக் காட்டில் விடத் தொடங்கினார்கள். ஆனால் பிடித்து வந்தபோது வழக்கமான சிகிச்சை என்று பேன் மருந்தும் போட்டார்கள். அந்தப் பறவைக்கே உரிய, 1963-ல்தான் பெயர் பெற்ற கோல்போசெஃபாலம் கலிஃபோர்னிசி என்ற பேன் அதோடு போனது. அதன்பின் யாரும் அதை உயிரோடு பார்க்கவில்லை. அந்தப் பேன் காண்டோருக்குக் கெடுதல் செய்தது என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை. காண்டோரைக் கொன்றுகொண்டிருந்தது முக்கியமாக ஈயம், வேட்டைக்காரர் சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும்போது உள்ளே போகிற குண்டுத் துணுக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. காண்டோரின் முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சு மனிதரைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று காண்டோர் தலை மாதிரிச் செய்த கைப்பாவையால் ஊட்டி வளர்த்தார்கள். பேன் அம்மாவிடமிருந்து வருகிற சொத்து என்று முன்னே சொன்னேனே, பாவையிடம் ஏது பேன்? மருந்தே போடாமல் விட்டிருந்தாலும் அந்தக் குஞ்சுகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே பழியை மருந்து டப்பா மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது, வளர்த்த முறையும் சேர்ந்துதான் அந்த வரிசையை அறுத்திருக்கிறது.

'அழிந்தது' என்று பெயர் வைத்த பேன் திரும்பி வந்தது என்கிறார்களே?

அது பயணிப் புறாவின் பேன். வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த கூட்டம், சுட்டே தீர்த்தார்கள், கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. 1937-ல் அதன் பேனுக்கு கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயர் வைத்தார்கள், பெயரிலேயே 'அழிந்துபோனது'. 1999-ல் பார்த்தால் அதே பேன் பட்டைவால் புறாவில் சௌகரியமாகக் குடியிருக்கிறது! ஒரே பறவையை நம்பிய பேன் அல்ல அது, இரண்டு வீடு வைத்திருந்தது.

பயணிப் புறாவுக்கு என்று இன்னொரு பேனும் சொல்லப்பட்டது, கம்பானுலோட்டஸ் டிஃபெக்டஸ். அதை ஆராய்ந்தபோது ஆஸ்திரேலியப் புறா ஒன்றின் பேன் என்று தெரிந்தது. எங்கோ சீட்டோ பையோ மாறியிருக்கிறது, மேலே சொன்ன கலப்படக் கூத்து இதுதான். அப்படி ஒரு பேன் தனியாக இருந்ததே இல்லை, ஆனாலும் பல வருடம் அழிந்த உயிர்களின் பட்டியலில் இடம் பிடித்திருந்தது.

பறவையே இல்லாதபோது அதன் பேனை எங்கே தேடுவார்கள்?

அருங்காட்சியக அலமாரியில். பதப்படுத்திய பறவைத் தோலில் செத்த பேன்களும், இறகிழையில் ஒட்டிய ஈரும் நூறு வருடம் ஆனாலும் இருக்கும். பேன் ஈரை எதால் ஒட்டுகிறது என்று தெரியாதவர்கள் ஒரு முறை அதைப் பெயர்க்க முயன்று பார்க்கலாம். நியூசிலாந்தின் ஹுயா பறவையை உறுதியாகக் கடைசியில் பார்த்தது 1907. அதன் பேனுக்கு ராலிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயர் கிடைத்தது 1990. பழைய தோல்களில் தேடி எடுத்ததுதான்.

அப்படி ஒரு தோலை நானும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், வேறு பறவை. கழுத்து இறகை ஊசியால் பிரித்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் வரிசை, பாதி பொரித்து மூடி திறந்து கிடந்தது, பாதி பொரிக்காமலே இருந்தது. பறவையைச் சுட்ட நாளில் நின்றுபோன கடிகாரம் மாதிரி இருந்தது. சீட்டில் இருந்த தேதியைவிட அது எனக்கு அதிகம் சொன்னது.

பேனை வைத்துப் பறவைகளின் சொந்தபந்தம் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. பேன் பறவையைவிட வேகமாகத் தலைமுறை மாறுவதால் அதன் டிஎன்ஏவில் வேறுபாடு சீக்கிரம் சேரும். காலபாகஸ் தீவுகளில் மட்டும் வாழும் பருந்து எந்தத் தீவிலிருந்து எங்கே பரவியது என்பதைப் பார்க்க அதன் பேனையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். பருந்திடம் மங்கலாக இருக்கும் வரலாறு பேனிடம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் கவிழ்த்துவிடும். பூநாரையின் பேனும் வாத்தின் பேனும் ஒரே குடும்பம், அதனால் பூநாரை வாத்துக்குச் சொந்தம் என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். டிஎன்ஏ வந்தபின் பார்த்தால் பூநாரைக்கு நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான். ஒரே தண்ணீரில் சேர்ந்து நிற்கும்போது பேன் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அரிய பறவையைப் பிடித்து வந்தால் மருந்து போடலாமா கூடாதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

எண்ணிப் பார்க்காமல் போடக் கூடாது, அதுதான் என் பதில். கொஞ்சம் பேன் இருந்தால் விட்டுவிடலாம். நிறைய இருந்தால் முதலில் ஏன் நிறைய இருக்கிறது என்று கேட்க வேண்டும். அலகு உடைந்திருக்கிறதா, காயமா, பட்டினியா, விஷமா? முன்னே சொன்ன புறா சோதனை இங்கே உதவும், கோத முடியாத பறவையில்தான் பேன் மண்டும். பெரும்பாலும் பேனால் பறவை நோயாளி ஆவதில்லை, நோயாளி ஆன பறவையில் பேன் பெருகுகிறது. பேனை மட்டும் கொன்றுவிட்டு அலகைப் பார்க்காமல் விட்டால் வைத்தியம் பாதியில் நிற்கிறது.

உயிருக்கே ஆபத்து என்றால் மருந்து போடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை, ஒரு பறவை போனால் அதன் மேலுள்ள எல்லாமே போகும். அப்போதும் இரண்டு காரியம் செய்யலாம்: மருந்தில் செத்து விழுவதைத் துடைத்துப் போடாமல் வெள்ளைத் தட்டில் தட்டியெடுத்துச் சாராயக் குப்பியில் போட்டு எந்தப் பறவை, எந்தத் தேதி என்று எழுதி வைப்பது, அப்புறம் எல்லாப் பறவைக்கும் ஒரே நாளில் போட்டு முடித்துவிடாமல் நலமான சிலவற்றையாவது அப்படியே விடுவது. அந்தக் குப்பிக்கு ஆகிற செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். முடிவு எடுக்க வேண்டியவர் பறவை மருத்துவம் தெரிந்தவர், நானோ நீங்களோ இல்லை. கோழிக்குப் போடுகிற பொடியை எடுத்துத் தூவுகிற வேலை வேண்டவே வேண்டாம், அளவு கொஞ்சம் தவறினாலும் சின்னப் பறவைக்கு அதுவே நஞ்சு.

பறவையைக் காப்பாற்றவே ஆள் இல்லை, இதில் பேனைக் காப்பாற்றுவதா? கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?

பேனைப் பெருமாள் ஆக்குகிறேன் என்று என் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார்கள். பேனுக்காகத் தனியாகச் சரணாலயம் கேட்கவில்லை. கூண்டுக்குள் வரும் பறவையிடமிருந்து காரணம் இல்லாமல் அதைப் பறிக்காமல் இருந்தால் போதும், அதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை, பழக்கத்தை மாற்றினால் சரி. பல்லாயிரம் தலைமுறை ஒரே பறவையில் வாழ்ந்து அதற்கு என்றே உருவான உயிரை, என்ன இனம் என்றுகூடப் பார்க்காமல் ஒரு பிடி பொடியில் முடித்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒட்டுண்ணி இருந்தால் பறவைக்கு எதிர்ப்பு சக்தி வளரும் என்று ஒரு வாதம் சொல்வார்கள். குடலில் ரத்தத்தில் இருப்பவற்றுக்கு அது பொருந்தலாம். தூவியைத் தின்றுகொண்டு தோலுக்கு வெளியே இருக்கும் பேனுக்கு அதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன், நம் பக்கத்து வாதம் என்பதற்காகப் பலவீனமானதையும் தூக்கிப்பிடிக்கக் கூடாது. இன்னொரு விஷயம்: உலக அளவில் அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் செம்பட்டியலில் இடம் பிடித்த பேன் ஒன்று உண்டு, அது பறவையுடையது அல்ல, குள்ளப் பன்றியின் மேல் வாழ்வது. பறவைப் பேன் ஆயிரக்கணக்கில் இருந்தும் அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

போன பேனுக்குப் பதிலாகச் சொந்தக்காரப் பறவையின் பேனைக் கொண்டுவந்து விட்டால் என்ன?

வேண்டாம். அளவு பொருந்தாத பேன் தங்காது, சிறகுப் பள்ளத்துக்கும் பேன் அகலத்துக்கும் உள்ள கணக்கை மேலே பார்த்தோம். பொருந்தித் தங்கிவிட்டாலோ, பழக்கமில்லாத வீட்டில் அது எவ்வளவு பெருகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐம்பது நூறு பறவை மட்டும் உள்ள இனத்தில் இந்த விளையாட்டைச் செய்ய யாருக்கும் துணிச்சல் வரக் கூடாது. வேறு இனப் பறவையை வளர்ப்புத் தாயாக வைத்துக் குஞ்சு பொரிக்கும்போதும் இதே கவலைதான், தாய் தன் பேனையும் சேர்த்துக் கொடுக்கும்.

இதையெல்லாம் நானே பார்க்க முடியுமா? பறவையைப் பிடிக்க வேண்டுமா?

பிடிக்க வேண்டாம், காட்டுப் பறவையை அனுமதி இல்லாமல் பிடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், அரிய பறவை என்றால் கேட்கவே வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் இறகு போதும். சில இடங்களில் காட்டுப் பறவையின் இறகை வைத்திருப்பதற்கே தடை உண்டு, ஆகவே எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள், கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.

புதிதாக விழுந்த சிறகு இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். தண்டின் இரு பக்கமும் இழைகளுக்கு நடுவே வரிசையாக மங்கலான மணிகள் தெரிந்தால் சிற்றுண்ணி. கோடு கோடாகக் குறுக்கே அரித்த மாதிரி இருந்தால் பேன் என்று அவசரப்படாதீர்கள், இறகு வளரும்போது பறவை பட்டினி கிடந்தாலும் அந்தக் கோடு வரும். ஈர் வேண்டுமென்றால் நுனியில் தேடாதீர்கள், தண்டை ஒட்டி அடிப்பக்கம், தூவி தொடங்குகிற இடத்தில் இறகைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள்.